சிட்னி துறைமுகத்தில் படகு ஓட்டுறவங்க உதவுங்க: பாய்ப்படகு இடப்பக்கம் இருந்து வந்தால் யார் விலகணும்?

பரமட்டாக்காரன்:
வணக்கம். போன மாசம்தான் லைசென்ஸ் கைக்கு வந்தது. 4.3 மீட்டர் அலுமினியப் படகு, 30 குதிரைத்திறன் அவுட்போர்டு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் 9 வயசு மகளையும் ஏத்திக்கிட்டு ரோஸ் பேங்கிற விரிகுடாவுல இருந்து எதிர்க்கரையில இருக்கிற பிராட்லிஸ் ஹெட் முனைப் பக்கமா துறைமுகத்துக்குக் குறுக்கே போனேன்.

பாதி வழியில இடப்பக்கம் இருந்து ஒரு பாய்ப்படகு வந்தது. ரோட்டுல வலப்பக்கம் வர்ற வண்டிக்குத்தானே வழி விடுவோம்? அவருக்கு நான்தான் வலப்பக்கம், அவர் விலகுவார்னு நேரா போனேன். கடைசி நேரத்துல அவர் சுக்கானை வெட்டித் திருப்பினார். பாய் படபடன்னு அடிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. அவர் கத்தினது சரியாப் புரியல.

அடுத்து, மேன்லில இருந்து வந்த ஃபெர்ரி என் வலப்பக்கம். வழி விடணும்னு கொஞ்சம் திருப்பினேன், பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அதுக்குள்ள அஞ்சு தடவை ஹார்ன் அடிச்சுட்டாங்க. மகள் பயந்து அழுதுட்டா. ரெண்டு இடத்துலயும் தப்பு என்னுதா?

கூஜி_கரை:
முதல்ல, பாப்பா லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாளா? 4.8 மீட்டருக்குக் குறைஞ்ச படகுல 12 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க எந்நேரமும் போட்டிருக்கணும், அது இங்க சட்டம்.

ரோட்டுப் பழக்கம் இன்னொரு இடத்துலயும் காலை வாரும். இங்க வண்டி ஓட்டுறது இடப்பக்கம், தண்ணியில ஒதுங்கிப் போறது வலப்பக்கம். எதிரெதிரே ரெண்டு மோட்டார் படகு வந்தா ரெண்டுமே வலப்பக்கம்தான் திருப்பணும்.

முத்துநகர்_மாலுமி:
தம்பி, 22 வருஷம் சரக்குக் கப்பல்ல இருந்தவன், சொல்றேன். ஒண்ணு கேக்கணும்: அந்தப் படகு பாய்ல மட்டும் வந்ததா, எஞ்சினும் ஓடுச்சா? பாய் விரிச்சிருந்தாலும் எஞ்சின் தள்ளிக்கிட்டு இருந்தா அது மோட்டார் படகுக் கணக்குதான்.

பரமட்டாக்காரன்:
மகள் போட்டிருந்தா. அந்தப் படகு நல்லா ஒருபக்கம் சாஞ்சு வந்தது. எஞ்சின் சத்தம் இல்ல, பின்னால புகைக்குழாய்ல தண்ணி துப்பவும் இல்ல.

முத்துநகர்_மாலுமி:
அப்போ விலக வேண்டியது நீங்கதான். வலப்பக்கம் வர்றவனுக்கு விலகுற கணக்கு மோட்டாருக்கும் மோட்டாருக்கும் மட்டும். பாய்ல வர்றவனுக்கு, அவன் எந்தப் பக்கம் வந்தாலும், மோட்டார் விலகணும். ஆனா அவன் பின்னால இருந்து உங்களை முந்தினா, பாய்ப்படகா இருந்தாலும் அவன்தான் ஒதுங்கிப் போகணும்.

‘எனக்குத்தான் வழி’ங்கிற நினைப்பை விட்டுடுங்க. 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் ஒருத்தருக்கு விலகுற கடமையைத் தருது, இன்னொருத்தருக்குத் திசையும் வேகமும் மாத்தாம போற கடமையைத் தருது. நீங்க விலகலைன்னு தெரிஞ்சதும் அவர் திருப்பினாரே, அதுவும் விதிப்படிதான்.

ஃபெர்ரி விஷயத்துல உங்க எண்ணம் சரி, செஞ்ச விதம் தப்பு. கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பினா அந்த கேப்டனுக்கு நீங்க திரும்புறதே தெரியாது. சீக்கிரமா, ஒரே திருப்பா, உங்க படகோட பக்கவாட்டு முழுசும் அவர் கண்ணுல படுற அளவுக்குத் திருப்பணும். இல்லைன்னா வேகத்தை அடியோட குறைச்சு அவர் போன பிறகு பின்பக்கமாப் போங்க. அஞ்சு குறுகிய ஹார்ன்னா ‘நீ என்ன செய்யப் போறேன்னு எனக்குப் புரியல’ன்னு அர்த்தம். அதைத் திட்டா எடுத்துக்காதீங்க, உங்க நல்லதுக்கு அடிச்சது.

மோதுமா மோதாதான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி. நீங்களும் அசையாம உட்காருங்க, படகையும் திருப்பாதீங்க. எதிர்ப்படகை உங்க படகோட கைப்பிடிக் கம்பி ஒண்ணுக்கு நேரா வச்சுப் பாருங்க. கம்பிக்கு முன்னாடியோ பின்னாடியோ நகர்ந்தா பெரும்பாலும் தப்பிச்சீங்க. அதே கம்பிக்கு நேரா நின்னு உருவம் மட்டும் பெருசாகிட்டே வந்தா மோதல்தான். பெரிய கப்பல் கிட்ட வந்துட்டா நகர்ற மாதிரி தெரிஞ்சாலும் நம்பாதீங்க.

கூஜி_கரை:
சில ஃபெர்ரியில ஆரஞ்சு டைமண்ட் அடையாளம் தொங்கும். அதுக்குப் பாய்ப்படகும் வழி விடணும், சிட்னி துறைமுகத்துக்குன்னு இருக்கிற விதி. மேன்லி போற பழைய ஃபிரெஷ்வாட்டர் வகை 70 மீட்டர் நீளம். நினைச்ச இடத்துல நிறுத்த முடியாது, சின்னப் படகு நாமதான் தள்ளி நிக்கணும்.

பரமட்டாக்காரன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. ராத்திரியில எப்படி அண்ணா கண்டுபிடிக்கிறது?

முத்துநகர்_மாலுமி:
ஓடிக்கிட்டு இருக்கிற படகுக்குப் பொதுவா வலப்பக்கம் பச்சை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு விளக்கு. சோத்தாங்கைப் பக்கம் வாழை இலைப் பச்சைன்னு வச்சுக்கிட்டா மறக்காது. உங்க வலப்பக்கம் குறுக்கே ஒரு மோட்டார் படகு வந்தா அதோட சிவப்பு தெரியும், நீங்க விலகணும். இடப்பக்கம் இருந்து வந்தா பச்சை தெரியும், விலக வேண்டியது அது. ஆனா ஒரு ஆறு மாசம் பகல்லயே ஓட்டுங்க தம்பி. சிட்னியில கரை விளக்குக்கு நடுவுல படகு விளக்கைப் பிரிச்சுப் பார்க்கக் கண்ணு பழகணும்.

பரமட்டாக்காரன்:
சரிண்ணா. வர்ற சனிக்கிழமை குடும்பம் இல்லாம, அனுபவமுள்ள நண்பர் ஒருத்தரோட ரோஸ் பேக்குள்ளயே அந்தக் கம்பிக் கணக்கைப் பழகப் போறேன்.