பழைய தாள்களைப் பேணும் அறைக்கு எந்தப் பெயர்: ஆவணக் காப்பகமா, சுவடிக்கூடமா, ஆவணகமா?

வாசிகசாலைச் செயலாளர்:
எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பின்னறையை ஒதுக்கி, ஊரவர்கள் தரும் பழைய காணி உறுதிகள், கோயில் திருவிழா நோட்டீசுகள், பாடசாலை மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்கள்) ஆகியவற்றைப் பேணுவதென்று நிர்வாகசபை தீர்மானித்துள்ளது. வாசலில் எழுதும் பெயரில்தான் உடன்பாடு ஏற்படவில்லை. ஆவணக் காப்பகம், சுவடிக்கூடம், ஆவணகம் என மூன்று பெயர்கள் முன்மொழியப்பட்டன. இவை மூன்றும் ஒன்றா? பெயர்ப்பலகை எழுதுபவர் அடுத்த கிழமை வருகிறார்.

கோண்டாவில் மொழிபெயர்ப்பாளர்:
ஆவணக் காப்பகம் என்பதே பொருத்தமானது. சென்னை எழும்பூரிலுள்ள அரசு நிறுவனம் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்றே வழங்குகிறது. ஆனால் நான் அதை மட்டும் நம்பி இதைச் சொல்லவில்லை. பெரியபுராணத்தில் சுந்தரர், தம்மை அடிமையென்று கூறும் ஓலையை முதியவராக வந்த சிவனிடமிருந்து பறித்துக் கிழித்தபின், திருவெண்ணெய்நல்லூர் அவையினர் முதியவர் காட்டிய மூல ஓலையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை ‘அரண்தரு காப்பில்’ இருந்து வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புச் சொல்கிறார்கள். எழுத்தைப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருந்து, ஐயம் எழும்போது எடுத்து ஒப்பிடுவது என்ற கருத்து முழுவதும் அந்தக் ‘காப்பு’ என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? சுவடி என்றால் இன்று எவருக்கும் ஓலைக்கட்டுத்தான் நினைவுக்கு வரும்.

வண்ணார்பண்ணை நூலகர்:
ஐயா காட்டிய சான்று அழகானது. எனினும் அது வழக்கொன்றில் முன்வைக்கப்பட்ட அடிமையோலை பற்றியது. எனது மறுப்பும் அதுவே. ஆவணம் என்றதும் எங்கள் சனங்களுக்கு நொத்தாரிசும் முத்திரையும் நீதிமன்றமும் தோன்றுகின்றன. தாயார் மலாயாவிலிருந்த தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தை வைத்திருக்கும் ஒரு முதியவர், அது ஆவணம் அல்லவென்று எண்ணி வீட்டிலேயே விட்டுவிடுவார். சுவடி என்ற சொல்லோ ஓலையைக் கடந்து எப்போதோ விரிந்துவிட்டது: பழைய பதிவுகளைப் பேணும் கொழும்பிலுள்ள தேசிய நிறுவனத்தின் தமிழ்ப் பெயரில் அச்சொல்லே நிற்கிறது, அங்கே பேணப்படும் ஒல்லாந்தர் காலத்துப் பதிவுகளோ தாள்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று இன்றுவரை சொல்லி வருகிறோம். அச்சிட்ட நூலுக்கு வேறெங்காவது இன்னொரு படி கிடைக்கலாம். அங்கே இருந்த ஏட்டுச் சுவடிகளுக்கு இன்னொரு படி இல்லை. நூல்கள் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடக்கியதால், மீளப் பெறமுடியாத இழப்பு எதுவென்பது எங்கள் பேச்சிலேயே மறைந்துபோயிற்று. ஆகவே நூலகம் வேறு, ஒற்றைப்படியைக் காக்கும் இடம் வேறு என்பதை அந்தப் பெயர் சொல்லவேண்டும். சுவடிக்கூடம் அதைச் சொல்கிறது. காப்பகம் என்றாலோ ஆதரவற்ற சிறுவர்களையும் முதியோர்களையும் பராமரிக்கும் இடமென்ற எண்ணமே முந்திக்கொண்டு வருகிறது.

பழைய கச்சேரி (அரச அலுவலக) எழுதுவினைஞர்:
எங்கள் மண்ணிலேயே ஒரு சொல் இருக்கும்போது வெளியே தேடுவானேன்? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணி, உடையவர், செலுத்தவேண்டிய இறை ஆகியவற்றை எழுதிவைத்த பதிவேட்டைத் தோம்பு என்று எங்கள் முன்னோர் அழைத்தார்கள். இச்சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. லிஸ்பனிலுள்ள அவர்களது தேசியக் காப்பகம் இன்றைக்கும் ‘தோம்புக் கோபுரம்’ என்ற பொருளுடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. தோம்பகம் என்று வைத்தால் யாழ்ப்பாணத்தின் முத்திரை அதில் இருக்கும்.

வண்ணார்பண்ணை நூலகர்:
தோம்பு வரி அறவிடுவதற்காக ஆட்சியாளர் எழுதியது. ஊரவர் தாமாகவே விரும்பிக் கொண்டுவந்து தருகின்ற கல்வெட்டுக்கும் கடிதத்துக்கும் அப்பெயரைச் சூட்ட என் மனம் இடந்தரவில்லை, ஐயா.

கணினி ஆசிரியர், கரவெட்டி:
மூன்றாவது பெயரை எவரும் எடுத்துப் பேசவில்லையே. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத் திட்டத்தினர், ஒளிப்படம், ஒலி முதலியவற்றைப் பேணும் தளத்துக்கு ஆவணகம் என்றே பெயரிட்டுள்ளனர். நூலகம், ஆவணகம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவும் வேறுபாடும் ஒருங்கே புலப்படுகின்றன. பலகையிலும் எழுத்துக் குறையும். வினைச்சொல்லையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். ஆவணப்படுத்தல் என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். முதியவர் ஒருவரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வது ஆவணப்படுத்தல், அதாவது இல்லாத ஒரு பதிவை உண்டாக்குதல். உள்ள பதிவைக் கெடாமல் வைத்திருப்பது வேறு வேலை. தமிழ் விக்கிப்பீடியர்கள் இதற்குப் ‘பரணிடுதல்’ என்கின்றனர், கைப்பேசிச் செயலிகள் ‘காப்பகப்படுத்து’ என்கின்றன.

கோண்டாவில் மொழிபெயர்ப்பாளர்:
ஆவணம் என்பதுடன் அகம் சேர்ந்தால், மரம் என்பதுடன் அடி சேர்ந்து மரவடி ஆவதுபோல, ஆவணவகம் என்றே வரவேண்டும். ஆவணகம் புணர்ச்சிக்கு ஒவ்வாதது. நல்ல நிறுவனம் எடுத்தாண்டது என்பதற்காக இலக்கணம் தளர்ந்துகொடுக்காது. பரணிடுதலில் எனக்கு விருப்பமுண்டு, ஏனெனில் அடுத்த போகத்துக்கான விதையை அடுப்புக்கு மேலே பரணில் புகைபட வைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அது மறந்து எறிந்த இடமன்று, திரும்ப எடுப்பதற்காகக் காத்த இடம். ஆனால் பெயர்ப்பலகைக்கு அது ஆகாது.

நூலகர் அம்மாவின் மறுப்புக்கு ஒரு சொல்லே விடையாகும்: ஆவணப்படம். அதைப் பார்க்கப் போகும் எவரும் காணி உறுதியைப் பற்றிய படமென்று நினைப்பதில்லை. பழைய இலக்கியத்தில் கடைவீதியைக் குறித்த அதே ஆவணம் பின்னர் எழுத்துச் சான்றைக் குறித்தது. இப்போது வாழ்க்கையின் எந்தப் பதிவையும் குறிக்கிறது. விரிந்தது சுவடி மட்டுமன்று.

கணினி ஆசிரியர், கரவெட்டி:
ஆவணவகம் என்று எழுதினால் எங்கள் மாணவர்கள் உணவகம் என்று வாசித்துவிடுவார்கள், ஐயா. நாவில் நிலைக்கும் சொல்லுக்கு இலக்கணம் சிறிது இடங்கொடுக்கத்தான் வேண்டும்.

வாசிகசாலைச் செயலாளர்:
நிர்வாகசபை நேற்று மாலை கூடி ஆவணக் காப்பகம் என்பதை ஏற்றுக்கொண்டது. முதியவரின் கடிதம் பற்றி நூலகர் அம்மா எழுதியதை வாசித்துக் காட்டியபோது சபையில் எவரும் மறுத்துப் பேசவில்லை. ஆகவே பெயரின்கீழ் ‘கடிதம், கல்வெட்டு, உறுதி, நோட்டீசு, ஏடு அனைத்தும் இங்கே பேணப்படும்’ என்றும் எழுதுவிக்கிறோம். வினைச்சொல் பற்றி முடிவெடுக்கவில்லை. பதிவுப் புத்தகத்தில் இப்போதைக்குப் ‘பேணல்’ என்றே எழுதுகிறோம்.

வண்ணார்பண்ணை நூலகர்:
பெயரில் எனக்கு உடன்பாடில்லை. கீழ்வரியில் உடன்பாடு உண்டு. அந்த வரியில் ஏட்டை முதலில் வையுங்கள், பதிவுப் புத்தகத்தில் ‘மூலம்’, ‘படி’ என்று இரண்டு நிரல்களை இப்போதே கீறிவிடுங்கள். பிரதியெடுத்த பின்னர் மூலத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் வருவார்கள், அப்போது எது எங்களிடம் இருக்கிறதென்று அந்த நிரல்களே சொல்லும்.