புதுப்பிப்பு: ஒரே இரவில் சிவப்பான டெஸ்டுகள்

சிஐ மெஷினை (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் கணினி) புதுப்பித்த மறுநாள் உலாவி டெஸ்டுகள் அத்தனையும் 'செஷன் உருவாகவில்லை' (உலாவியோடு இணைப்பே தொடங்கவில்லை) என்று விழுந்ததாகப் போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். இப்போது ஒன்றைத் தவிர எல்லாம் ஓடுகின்றன.

தப்பு என் ஸ்கிரிப்டில்தான். அது குரோம்டிரைவரை, அதாவது டெஸ்டுகளுக்காகக் குரோம் உலாவியை இயக்கும் நிரலை, பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருந்தது. அங்கே பதிப்பு 114-க்கு மேல் எதுவும் வராது; 115-லிருந்து டிரைவர்கள் டெஸ்டுகளுக்கான குரோம் வெளியீடான 'குரோம் ஃபார் டெஸ்டிங்' வழியாக வருகின்றன. புது மெஷினில் புது குரோம், பக்கத்தில் 114 டிரைவர். எப்படி ஒத்துப்போகும்?

ஸ்கிரிப்டையே தூக்கிவிட்டேன். உலாவியை நிரலால் இயக்கும் கருவியான செலினியத்தில் 4.6 பதிப்பு முதல் செலினியம் மேனேஜர் கூடவே வருகிறது; உலாவியின் பதிப்பைப் பார்த்துப் பொருத்தமான டிரைவரை அதுவே இறக்கிக்கொள்ளும். சரி, முடிந்தது என்று பார்த்தால் மறுபடி அதே பிழை! பாத்தில் (நிரல்களைக் கணினி தேடும் கோப்புறைகளின் பட்டியல்) பழைய டிரைவர் ஒன்று கிடந்தது, மேனேஜர் அதையே எடுத்துக்கொண்டது. எச்சரிக்கை வரி லாகில் (ஓட்டப் பதிவில்) இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அந்த டிரைவர் கோப்பை அழித்தேன், பெரும்பாலானவை பச்சை (தேறிவிட்டன).

அப்புறம் மூன்று டெஸ்டுகள் மட்டும் அடம்பிடித்தன. எல்லாம் 'ஸ்லீப் 2' (இரண்டு நொடி சும்மா காத்திரு) போட்டு ஒப்பேற்றியவை. பட்டன் அழுத்தத் தயாராகும்வரை காத்திருக்கும்படி மாற்றினேன். இரண்டு தேறிவிட்டன, ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) இருக்கும் மூன்றாவதோடு இன்னும் மல்லுக்கட்டு.