அழகர்மலையில் காஷ்மீர் ஈப்பிடிப்பானா?

பொங்கல் வாரத்தில், காலை ஏழு மணியளவில், அழகர்மலையில் நூபுர கங்கைக்கு ஏறும் பாதையோரம் ஓர் ஈப்பிடிப்பான் பறவையைப் பார்த்தேன். இனம் பிடிபடவில்லை. தொண்டை முதல் மேல்வயிறு வரை செங்காவி. அதன் இரு ஓரங்களிலும் கரிக்கோடு இழுத்ததுபோல் கறுப்பு. வாலைத் தூக்கும்போதெல்லாம் அடிப்பக்கம் வெள்ளை பளிச்சிட்டது. காஷ்மீர் ஈப்பிடிப்பானோ என்று ஐயப்பட வைப்பது அந்தக் கறுப்புக் கரைதான். ஆனால் அது குளிர்காலத்தைக் கழிப்பது நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும். மதுரைப் பக்கம் என்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

நிக்கான் பி900இல் எடுத்த படங்கள் நிழலில் மங்கிவிட்டன, இணைத்திருக்கிறேன். பறவைகளை இனங்காட்டும் மெர்லின் செயலி செம்மார்பு ஈப்பிடிப்பான் என்கிறது. குரலையும் பதிவு செய்தேன், குரங்குகளின் கூச்சல்தான் தெளிவாகக் கேட்கிறது! மறுபடி போனபோது பறவை கண்ணில் படவில்லை.

செம்மார்பு ஆணுக்கும் நிழலில் இப்படிக் கறுப்புக் கரை தோன்றுமா, அல்லது இது காஷ்மீர் ஈப்பிடிப்பான்தானா?