கிட்டார்: ராத்திரி வருது, காலையில வரல. முன்னேற்றத்தை எதை வச்சு அளக்கிறது?

தாளம்தப்பி:
வணக்கம். கையில இருக்கிறது ஸ்டீல் கம்பி அகூஸ்டிக். ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி அஞ்சு கார்டும் (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிற பிடி) தனித்தனியா பிடிக்க வருது. தினம் அரை மணி நேரம் உட்கார்றேன். ராத்திரி பயிற்சி முடியும்போது ஜி–சி மாத்துறது சுமாரா வந்துடுது. மறுநாள் எடுத்தா விரலுக்கு எதுவுமே ஞாபகம் இல்லாத மாதிரி இருக்கு. மெட்ரோனோம் (தாளத்துக்கு டிக் டிக்னு அடிக்கிற கருவி) போட்டா கார்ட் மாத்துற இடத்துல ஸ்ட்ரம்மிங், அதாவது வலது கையால கம்பிகளை மொத்தமா அடிக்கிறது, நின்னுடுது. எஃப் பார் கார்ட்ல (ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வச்சுப் பிடிக்கிறது) 2-ம் கம்பி (மெல்லிசான கம்பிதான் 1) சத்தமே போடல. வாத்தியார் வாரம் ஒருமுறைதான் பார்க்கிறார். "நல்லா பிராக்டிஸ் பண்ணு"ன்னு மட்டும்தான் சொல்றார். முன்னேறுறேனா இல்லையான்னு நானே எப்படி சரிபார்க்கிறது? நோட்டுல என்ன எழுதி வைக்கலாம்?

கம்பிஎண்ணி:
ராத்திரி கடைசியாக வந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே மாற்றத்தை இருபது நிமிடம் விடாமல் அடித்தால் யாருக்கும் வரும். மறுநாள் கிட்டாரை எடுத்து ட்யூன் செய்த கையோடு, விரல் சூடேறுவதற்கு முன் முதல் தடவை என்ன வருகிறதோ, உங்கள் நிலை அதுதான்.

1979-ல் ஷே, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையொட்டி ஒரு சோதனை செய்தார்கள். சிறு தடுப்புகளைச் சொன்ன வரிசைப்படி கையால் வேகமாகத் தட்டிவிட வேண்டும். வரிசை மூன்று விதம். ஒரு குழு ஒன்றை முழுக்கப் பழகிவிட்டு அடுத்ததற்குப் போனது, இன்னொன்று மூன்றையும் கலந்துகட்டிப் பழகியது. பழகும்போது வேகமாகச் செய்தது முதல் குழு. பத்து நாள் கழித்து மறுபடி செய்யச் சொன்னபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். பயிற்சி நேரத்தில் சுலபமாகத் தோன்றுவதை நம்பக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே அரை மணி நேரத்தை மூன்று மூன்று நிமிடமாக உடையுங்கள். ஜி–சி மூன்று நிமிடம், ஸ்ட்ரம்மிங் மூன்று, டி–ஏ மைனர் மூன்று, எஃப் மூன்று, பாட்டில் சிக்கலான இரண்டு வரி மூன்று. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் சுற்றில் ஜி–சி கொஞ்சம் தடுமாறும்; தடுமாறட்டும்.

அளப்பது வாரம் ஒருநாள் போதும். தினம் அளந்தால் எண் ஏறி இறங்கி மனசைக் கெடுக்கும். போனில் ஒரு நிமிடம் டைமர் வையுங்கள். ஜி ஒரு கீழ் அடி, சி ஒரு கீழ் அடி, மாற்றி மாற்றி. சி-க்குப் போனது ஒன்று, திரும்ப ஜி-க்கு வந்தது இரண்டு, இப்படி எண்ணுங்கள். நிமிடம் முடிந்ததும் இரண்டு கார்டையும் பிடித்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பாருங்கள். நோட்டில் ஒரே வரி: "ஜி–சி 18, சி-யில் 3-ம் கம்பி மொட்டை (ஓசை வரவில்லை)." "இன்று நன்றாக வாசித்தேன்" என்றெல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை, அடுத்த வாரம் அதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

எத்தனை வந்தால் போதும்? நாலு அடி தாளத்தில், மெட்ரோனோம் 80 (நிமிடத்துக்கு 80 அடி) என்றால் ஒரு பார், அதாவது நாலு அடி கொண்ட ஒரு சுற்று, 3 வினாடி. பாருக்கு ஒரு கார்ட் என்றால் நிமிடத்துக்கு 20 மாற்றம். 120 வேகத்தில் 30. முதல் தடவையிலேயே 30 வந்துவிட்ட ஜோடியைத் தினப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வாரம் ஒருமுறை மட்டும் தொட்டுப் பாருங்கள். நிறைய பேர் வரும் ஜோடியையே வாசித்து நேரத்தைக் கழிப்பார்கள். காதுக்குச் சுகம், அவ்வளவுதான்.

நாலாம்விரல்:
ஜி–சி-க்கு மட்டும் சொல்றேன். ஜி-யை எந்த விரலால பிடிக்கிறீங்க? 6-ம் கம்பி மூணாம் ஃபிரெட்ல (ஃபிரெட்னா கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பியும் அதை ஒட்டின கட்டமும்) நடு விரல், 5-ம் கம்பி ரெண்டாம் ஃபிரெட்ல ஆள்காட்டின்னா, சி-க்குப் போக மூணு விரலும் இடம் மாறணும். அதுக்குப் பதில் 6-ல மோதிர விரல், 5-ல நடு விரல், 1-ம் கம்பி மூணாம் ஃபிரெட்ல சுண்டு விரல் வச்சுப் பாருங்க. இப்ப மோதிர விரலும் நடு விரலும் அதே வடிவத்துல ஒரு கம்பி தள்ளி உட்கார்ந்தா சி பாதி முடிஞ்சது. ஆள்காட்டி 2-ம் கம்பி முதல் ஃபிரெட்டுக்கு வந்தா போதும். சுண்டு விரல் முதல்ல ஒத்துழைக்காது, கொஞ்ச நாள் கெஞ்சணும்.

சி-க்கு எந்த விரல் முதல்ல இறங்குதுன்னு பாருங்க. பெரும்பாலும் ஆள்காட்டிதான் ஓடும். கீழ் அடி 5-ம் கம்பியில தொடங்குது, அதனால மோதிர விரல் முதல்ல வரணும். ஆள்காட்டி ஒரு துளி பிந்தினாலும் காதுக்குப் பெருசா தெரியாது.

சி-யைப் பிடிச்சு, வடிவம் கலையாம விரல்களை ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்கி மறுபடி மொத்தமா வைங்க. பத்து தடவை. வடிவம் காத்துலயே கலைஞ்சா இன்னும் மனப்பாடம் ஆகலைன்னு அர்த்தம்.

சி-யில 3-ம் கம்பி மொட்டையா இருந்தா, 4-ம் கம்பியில இருக்கிற நடு விரல் சாய்ஞ்சு அதைத் தொடுது. 1-ம் கம்பின்னா ஆள்காட்டி. நகத்தை ஒட்ட வெட்டி, மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளி, விரல் நுனியால குத்துற மாதிரி வைங்க. கம்பி செத்துப்போகாம கரகரன்னு கேட்டா அது வேற கதை: விரல் ஃபிரெட் கம்பியை விட்டுத் தள்ளி இருக்கு.

சி–ஏ மைனர்ல மோதிர விரல் மட்டும்தான் நகரணும். மத்த ரெண்டும் தூக்கவே கூடாது. இது தெரியாம மூணையும் தூக்கி வைக்கிறவங்க அதிகம்.

திண்ணைக்கச்சேரி:
கம்பிஎண்ணி சொன்ன எண்ணிக்கையில் எனக்கு முழு உடன்பாடில்லை. தாளம் இல்லாமல் நிமிடத்துக்கு 40 மாற்றுபவர்கள் பாட்டில் 60 வேகத்திலேயே விழுந்துவிடுவதுண்டு. மாற்றத்தைத் தாளத்துக்குள் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

ஸ்ட்ரம்மிங் நிற்பதற்குக் காரணம், இடது கை தயாராகும்வரை வலது கை காத்திருப்பது. வலது கையை இடது கையிடமிருந்து பிரித்துப் பழக்குங்கள். இத்தாலிய கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானி 1812-ல் வெளியிட்ட வலது கைப் பயிற்சிகள் 120. அத்தனைக்கும் இடது கையில் சி, ஜி7 இரண்டே கார்ட்தான். உங்களுக்கு அதுகூட வேண்டாம். இடது கை விரல்களைக் கம்பிகள் மேல் லேசாகப் போட்டு ஓசையை அடைத்துவிடுங்கள். மெட்ரோனோம் 60.

வாயால் "தகதிமி தகஜுணு" சொல்லுங்கள், ஒரு கிளிக்குக்கு இரண்டு எழுத்து. த, தி, த, ஜு வரும்போது கை கீழே. க, மி, க, ணு வரும்போது மேலே. கை கடிகாரப் பெண்டுலம்போல ஓடிக்கொண்டே இருக்கும், எந்த எழுத்தில் கம்பியைத் தொடுகிறோம் என்பதுதான் மாறும். எல்லாரும் முதலில் கற்கும் அந்தக் கீழ்–கீழ்–மேல்–மேல்–கீழ்–மேல் அடியில், முதல் "த" தொடு, "க" விடு, "தி" தொடு, "மி" தொடு, இரண்டாவது "த" விடு, அப்புறம் க, ஜு, ணு மூன்றையும் தொடு. இரண்டாவது "த"-வில்தான் பலருக்குக் கை உறைந்து நிற்கும். கம்பியைத் தொடாவிட்டாலும் அங்கே கை கீழே இறங்கியே ஆக வேண்டும்.

இது ஓடியதும் கார்ட் பிடியுங்கள். கடைசி "ணு" வரும்போதே இடது கை கிளம்பிவிடலாம். அந்த ஒரு மேல் அடி வெறும் கம்பியில் விழும். விழட்டும், அந்த வேகத்தில் யாருக்கும் உறுத்தாது. அடுத்த "த"-வில் ஒரு விரல் குறைவாக இருந்தாலும் அடியுங்கள், நிற்காதீர்கள். நாலு பார் நிற்காமல் இரண்டு தடவை வந்தால் வேகத்தை 4 ஏற்றுங்கள். போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசித்த கையோடு கேட்டால் கையின் ஞாபகமே காதை ஏமாற்றும்.

கம்பிஎண்ணி:
ஏற்றுக்கொள்கிறேன். புது ஜோடிக்கு எண்ணிக்கை, 20 தாண்டியதும் மெட்ரோனோம் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணும்போது எந்த விரல் பிந்துகிறது என்று பார்க்க நேரம் கிடைக்கும். தாளத்துக்குள் அதற்கு அவகாசம் இருக்காது.

தாளம்தப்பி:
நன்றி. நடு விரல் ஜி-தான் பிடிச்சிட்டு இருக்கேன், மாத்திப் பார்க்கிறேன். எஃப் பத்தி யாராவது?

மரவேலை:
கையைக் குறை சொல்லும் முன் கிட்டாரைப் பாருங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டு, அதே எஃப் வடிவத்தை இரண்டாம் ஃபிரெட்டில் பிடியுங்கள். திடீரென்று சுலபமானால் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து போகும் சிறு பட்டை) பள்ளங்கள் உயரமாக இருக்கின்றன. உறுதிப்படுத்த, கேப்போவை எடுத்துவிட்டு ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்தி முதல் ஃபிரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் கனம் இருந்தால் நல்லது. வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். அந்த வேலைக்குத் தனி அரம் உண்டு, வீட்டில் தேய்க்காதீர்கள். கொஞ்சம் அதிகம் தேய்ந்தால் வெறும் கம்பி இரையும், நட்டையே மாற்ற வேண்டி வரும்.

12-ம் ஃபிரெட்டில் 6-ம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 2.5 மி.மீ., 1-ம் கம்பிக்கு 2 மி.மீ. அளவில் இருந்தால் வசதி. 3-ஐத் தாண்டினால் ஆரம்ப நிலையில் கஷ்டம். கம்பி 12–53 செட் (எண்கள் மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் கனம்) போட்டிருந்தால் 11–52 அல்லது 10–47-க்கு இறங்கலாம். ஓசை கொஞ்சம் மெலியும், பரவாயில்லை.

இனி கைக்கு வருவோம். எஃப்-ல் ஆள்காட்டி ஆறு கம்பியையும் அழுத்த வேண்டியதில்லை. 5, 4, 3 மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. அதன் பொறுப்பு 6, 2, 1 மட்டும். உங்கள் 2-ம் கம்பி அநேகமாக விரல் மூட்டின் மடிப்புக்குள் விழுகிறது. விரலை 2, 3 மி.மீ. மேலோ கீழோ நகர்த்துங்கள், கட்டைவிரல் பக்கமாக லேசாக உருட்டி எலும்பான ஓரத்தைக் கம்பியில் வையுங்கள். கட்டைவிரலால் நசுக்காமல் முழங்கையைப் பின்னுக்கு இழுத்தால் பாதி அழுத்தம் கையின் எடையிலிருந்தே வரும்.

நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும். அதனால் அதே வடிவத்தை முதலில் ஐந்தாம் ஃபிரெட்டில் பிடியுங்கள், அது ஏ மேஜர். ஆறு கம்பியும் தெளிவானதும் ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்குங்கள். எந்த ஃபிரெட்வரை இறங்கினீர்கள் என்பதையே நோட்டில் எழுதலாம். விரல் நுனி எரிவது சாதாரணம்; மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலித்தால், விரல் மரத்தால், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கம்பி மாற்றிய தேதியையும் அந்த நோட்டிலேயே குறித்து வையுங்கள். கடலோர ஊர் என்றால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், விரல் வழுக்காமல் தட்டும், எண் குறையும். புதுக் கம்பி போட்ட ஒன்றிரண்டு நாளைக்கு ட்யூனிங் இறங்கிக்கொண்டே இருக்கும். வாரச் சோதனையை அது நிலைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.