மறுமொழி: தெர்மோகிளைன் – வெப்பச்சரிவா, தணியடுக்கா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். ஏரியில் ஆழம் போகப்போக நீரின் சூடு சட்டென்று குறையும் நடு அடுக்கைத் தெர்மோகிளைன் என்பார்கள். அதற்குத் 'தணியடுக்கு' என்று நான் முன்வைத்த சொல்லைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'வெப்பச்சரிவு' எல்லோருக்கும் புரிகிறதே, எதற்குப் புதிய சொல்?

கோடைக்கால ஏரி மீன்பிடிப்பு பற்றிய கையேட்டை எழுத உட்காரும்வரை நானும் வெப்பச்சரிவு என்றே எழுதி வந்தேன். சிக்கல் மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிட்டது. தூண்டில் போடுபவருக்குச் 'சரிவு' என்றால் ஏரியின் தரை சட்டென்று ஆழமாகும் இடம். கோடையில் மீன் தங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. "வெப்பச்சரிவு தரைச்சரிவைத் தொடும் ஆழத்தில் இரையை நிறுத்துங்கள்" என்று எழுதிவிட்டு நானே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. போதாததற்கு, 'வெப்பநிலை சரிந்தது' என்று செய்தியில் படித்தால் நேற்றைவிட இன்று குளிர் என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டால் சொல் தானே வரும் என்று நம்புகிறவன் நான். மீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் வெப்ப உணரியைக் கட்டிப் படகிலிருந்து இறக்கினேன். நான்காம் முடிச்சுவரை 25 டிகிரி செல்சியஸ், அசையவே இல்லை. ஐந்தில் 23, ஆறில் 19, ஏழில் 15. அதன்பின் 13, 12 என்று மெல்ல ஊர்ந்தது. மூன்று முடிச்சுக்குள் 10 டிகிரி! 1897-இல் தெர்மோகிளைன் என்ற பெயரை இட்ட அமெரிக்க ஏரி ஆய்வாளர் பர்ஜ், மீட்டருக்கு 1 டிகிரியாவது இறங்கும் பகுதியைத்தான் அப்படி அழைத்தார்.

இந்தப் பகுதி ஒரு மூடி போல வேலை செய்கிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீர் இலேசானது, கீழே இருக்கும் குளிர்ந்த நீர் கனமானது. காற்று எவ்வளவு அடித்தாலும் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. பாசி மிகுந்த ஏரியில் செத்த பாசி அடியில் படிந்து மட்கும்போது அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது; மேலிருந்து புதிதாக இறங்கவும் வழியில்லை. 'வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போகும்' என்று எண்ணி ஈயத்தைத் தரைவரை இறக்குபவர், மீனே இல்லாத நீரில் நாள் முழுவதும் காத்திருக்கிறார். பாஸ் மீன் அந்த மூடிக்குச் சற்று மேலேயே நிற்கும். விடியலில் நீர்ச்செடி ஓரமாகவும் இரை தேடி வரும். கெளுத்தியை இரவில் ஆழம் குறைந்த பக்கம் தேடலாம். விரால் நேரடியாகக் காற்றைச் சுவாசிப்பதால் அதற்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பாவம், குளிர்ந்த நீரை விரும்பும் டிரவுட் மீன்தான்: மேலே 20 டிகிரிக்கு மேல் சூடு, கீழே ஆக்சிஜன் இல்லை, நடுவில் ஒடுங்கிய பட்டையில் கோடையைக் கழிக்கிறது. அந்த நாட்களில் அதைப் பிடித்துத் திரும்ப விட்டாலும் அது பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. தூண்டிலே போடாமல் இருப்பது நல்லது.

இப்போது சொல். 'தணி' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் தணிகிறது, தணிந்த குரலில் பேசினார். சூடு குறைவதும் தாழ்வதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. இறங்க இறங்கச் சூடு குறையும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தென்படவில்லை. ஆகவே தணியடுக்கு. அதற்கு மேலிருப்பது மேலடுக்கு, கீழிருப்பது அடியடுக்கு.

> 'குளிர்க்கோடு' என்றால் இன்னும் எளிது. சோனார் திரையில் கோடாகத்தானே தெரிகிறது?

கோடு நல்ல யோசனை, நான் அதை விட மாட்டேன். ஆனால் 'குளிர்' ஓரிடத்தின் நிலையைச் சொல்கிறது, மாறிக்கொண்டே போவதைச் சொல்லவில்லை. ஒலியலையால் நீருக்குள் இருப்பதைக் காட்டும் சோனார் திரையில் மங்கலாகத் தெரியும் அந்தப் பட்டையை மட்டும் தணிகோடு என்போம். வினைத்தொகை என்பதால் 'கொதிகலன்' போல நடுவில் வல்லினம் மிகாது. தணிக்கோடு என்று எழுதிவிட வேண்டாம். அந்தச் சிக்கல் வரி இப்போது இப்படி ஆகிறது: "தணிகோடு 6 மீட்டரில் தெரிந்தால், தரைச்சரிவில் 5 மீட்டர் ஆழத்தில் இரையை நிறுத்துங்கள்." ஒரே வாசிப்பில் கை வேலையைத் தொடங்கிவிடும்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. கோடை முடிந்து மேலடுக்கு குளிர்ந்து கனத்ததும் தணியடுக்கு கலைந்து ஏரி முழுவதும் கலக்கிறதே, அதற்குப் 'புரள்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'கலப்பு' போதும் என்று கருதுபவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். அந்த அத்தியாயத்தை இன்னும் முடிக்கவில்லை.