ஸ்டாப் சர்விங்கா, ஸ்டாப் டு சர்வா?

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசை வேலை. ஒன்பது மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது என்று சொல்ல, ‘வி ஸ்டாப் டு சர்வ் டின்னர் அட் நைன்’ என்று பலகையில் எழுதி வைத்தேன், பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். ஆங்கிலத்தில் ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால், எங்கே இங், எங்கே டு?

பதில் 1: பலகையை மாத்துங்க தம்பி! தமிழில் யோசித்தால் ஸ்டாப்புக்கு விடை வந்துவிடும். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, நடுவில் டிரைவர் ‘ஸ்டாப்டு டு ஸ்மோக்’ என்றால் புகைக்க வண்டியை நிறுத்தினார், ‘ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதையே விட்டார். ‘புகைப்பதை’ மாதிரி வந்தால் இங், ‘புகைக்க’ மாதிரி வந்தால் டு.

பதில் 2: அண்ணன் சொன்னது ஸ்டாப்புக்குச் சரி, எல்லாவற்றுக்கும் ஓடாது. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் எல்லாம் இங் மட்டும்தான் கேட்கும். வான்ட், டிசைட், ஹோப் பக்கத்தில் டு. இதை மனப்பாடம்தான் செய்யணும், வேறு வழியில்லை. அப்புறம் மெயிலில் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று எழுதாதீர்கள், டு இருந்தாலும் அங்கே ‘மீட்டிங்’தான், ஏனென்றால் அந்த டு வெறும் முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்).

கேட்டவர்: ஐயோ, நேற்றுதான் நாலு பேருக்கு அப்படி அனுப்பினேன்.