நுண் உரக்கூடம், உலர்கழிவுக் கொட்டகை: ஆட்களை எப்படிப் பழக்குவது?

கொட்டகை_மேற்பார்வை கேட்டது:

வணக்கம். பேரூராட்சி அளவிலான நுண் உரக்கூடம், அதை ஒட்டியே உலர்கழிவுப் பிரிப்புக் கொட்டகை. நாளுக்கு மக்கும் குப்பை 1,200 கிலோ, உலர்கழிவு 600 கிலோ வரும். ஆட்கள் 14 பேர். பெரும்பாலும் மகளிர் குழு அக்காமார்கள், அதில் நாலைந்து பேருக்கு எழுத்து வாசிக்க வராது. இதுவரை நடந்த பயிற்சி எல்லாம் மண்டபத்தில் உட்காரவைத்துப் படம் காட்டுவதோடு சரி. மறுநாள் பிரிப்பு மேசையில் எந்த மாற்றமும் தெரிவதில்லை.

இப்போதைய சிக்கல்: பெட் பாட்டில் (தண்ணீர், குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில்) மூட்டையில் வேறு சரக்கு கலந்திருக்கிறது என்று வாங்குபவர் விலையை வெட்டுகிறார். உரத் தொட்டியில் ஈரம் தேங்கி நாறுகிறது, முகூர்த்த நாளுக்கு அடுத்த நாள் கேட்கவே வேண்டாம். எதை, எந்த வரிசையில், எத்தனை நாள் சொல்லிக்கொடுப்பது? கற்றுக்கொண்டார்களா என்று எப்படிச் சோதிப்பது? சான்றிதழுக்கு ஏதாவது வழி உண்டா?

---

பேல்_எடை பதில்:

உலர்கழிவுப் பக்கம் மட்டும் சொல்கிறேன். உரத்துக்கு வேறு யாராவது வருவார்கள்.

முதலில் பாடத்திட்டத்தைத் தூரப் போடுங்கள். உங்கள் சரக்கை வாங்குபவரிடம் போய், அவர் ஒதுக்கித் தள்ளியதை ஒரு மூட்டை திருப்பி வாங்கி வாருங்கள். அதுதான் பாடப்புத்தகம். மேசையில் கொட்டி, எது ஏன் கழிந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினால் அரை நாளில் பாதி வேலை முடியும்.

பிளாஸ்டிக்கை, அதில் வகையைக் காட்ட அச்சிட்ட 1 முதல் 7 வரையிலான எண் பார்த்துப் பிரிக்கச் சொல்லிக்கொடுப்பது வீண். பாதிப் பொருளில் எண் இருக்காது, இருந்தாலும் ஓடுகிற வேலையில் யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். கையும் காதும்தான் பழக வேண்டும்:

பெட் பாட்டிலின் அடியில் நடுவே ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். பி.வி.சி. பாட்டில் என்றால் அடியில் குறுக்கே ஒரு கோடு ஓடும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே உங்கள் விலை வெட்டில் ஒரு பகுதி குறையும். காரணம் இதுதான்: பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டுக்கு வெகுமுன்பே பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அது பெட்டையே பழுப்பாக்கி வலுவிழக்கச் செய்துவிடும். டன்னுக்குச் சில நூறு கிராம் கலந்தாலே மொத்தச் சரக்கும் கெட்டுப்போகும். பாட்டிலில் சுற்றியிருக்கும் சுருக்க உறை, மாத்திரை அட்டை, பைப் துண்டு, ரெக்சின், ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் பி.வி.சி.யாக இருக்க வாய்ப்பு அதிகம். பெட் மேசைப் பக்கமே வரக் கூடாது.

கவர் வகையில்: பால் கவர் எல்.டி. (மென்மையான பாலிதீன்). இழுத்தால் ரப்பர் போல நீளும், சத்தம் வராது. மளிகைக்கடை மெல்லிய கவர் எச்.எம். (இன்னொரு வகைப் பாலிதீன்), கசக்கினால் கறகறக்கும். துணிக்கடைப் பளபளப்புக் கவர் பி.பி. (பாலிபுரோப்பிலீன்). அது நீளாது, ஒரு இடத்தில் கிழிந்தால் நேராக ஓடும். சிப்ஸ் பாக்கெட் மாதிரி உள்ளே வெள்ளி நிறம் உள்ளது பல அடுக்கு, அது தனி மூட்டை. முஷ்டியில் கசக்கி விடுங்கள்: பிளாஸ்டிக் மேல் பூச்சு மட்டும் என்றால் விரிந்துவிடும், வெறும் அலுமினியத் தாள் என்றால் கசங்கியபடியே நிற்கும்.

கெட்டிப் பிளாஸ்டிக்கில் சந்தேகம் வந்தால் இரண்டு வாளி போதும். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் லிட்டருக்கு 120 கிராம் உப்பு கரைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு துளி சோப்பு விடுங்கள், இல்லையென்றால் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். நல்ல தண்ணீரில் மிதந்தால் எச்.டி. (கெட்டிப் பாலிதீன்), எல்.டி., பி.பி. மூன்றில் ஒன்று. நல்ல தண்ணீரில் மூழ்கி உப்புத் தண்ணீரில் மிதந்தால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். இரண்டிலும் மூழ்கினால் பெட் அல்லது பி.வி.சி. சுண்ணாம்புத் தூள் கலந்த பி.பி.யும் மூழ்கும், அது இந்தச் சோதனையின் ஓட்டை. வேலை மேசைக்கு இது தேவையில்லை, சண்டை தீர்க்க மட்டும்.

ஒருவருக்கு மூன்று, அதிகம் போனால் நாலு பொருள். "நீங்க பால் கவர், அட்டை, அலுமினியம்" என்று பிரித்துக் கொடுங்கள். எல்லாரும் எல்லாமும் எடுத்தால் எல்லாமும் கலக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், கண் சோர்ந்தால் தவறு கூடும். மேசை உயரம் முழங்கைக்குச் சற்றுக் கீழே, 85 முதல் 90 செ.மீ. தரையில் குந்திப் பிரிப்பதை முதல் நாளே நிறுத்துங்கள்.

வாசிக்க வராதவர்களுக்கு எழுத்துப் பலகை வேண்டாம். ஒவ்வொரு மூட்டைக்கு மேலும் ஒரு தட்டியில் நிஜப் பொருளையே கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் சிவப்புத் தட்டியில் "இது இதில் வராது" என்பதற்கான பொருள். சிவப்புத் தட்டிதான் அதிகம் வேலை செய்யும்.

சோதனை: 10 கிலோ சரக்கில் எண்ணி 20 தப்புப் பொருளை ஒளித்து வையுங்கள். 18-க்கு மேல் பிடித்தால் சரி. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கட்டி வைத்த மூட்டையில் ஏதாவது ஒன்றை அவிழ்த்துக் கொட்டுங்கள். 25 கிலோ மூட்டையில் அரை கிலோ கலப்படம் என்றால் 2 சதவீதம். அந்த எண்ணைச் சுவரில் எழுதுங்கள், யார் பெயரையும் எழுதாதீர்கள்.

பி.வி.சி. சந்தேகம் என்றால் காயலான் கடைகளில் செய்வது போல ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்த்தாலும் தெரிந்துவிடும்.

---

தொட்டிக்_கணக்கு பதில்:

மேலே சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. கொளுத்தி மோந்து பார்ப்பதைப் பயிற்சியில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பி.வி.சி. எரிந்தால் நேராக நுரையீரலுக்கு அமிலப் புகை, கூடவே டையாக்சின் என்ற நச்சு. ஒருமுறை காட்டிவிட்டால் அதுவே தினசரி வழக்கமாகிவிடும்.

இனி உரம். உங்கள் நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஆட்களின் திறமைக் குறைவு இல்லை, சருகு இல்லாததுதான். கணக்குப் பாருங்கள். சமையலறைக் கழிவு 100 கிலோவில் ஈரம் சுமார் 80 கிலோ. மட்குவதற்கு வேண்டிய ஈரம் 50 முதல் 60 சதவீதம். 10 சதவீத ஈரமுள்ள காய்ந்த சருகைக் கலந்து 60-க்குக் கொண்டுவர 40 கிலோ சருகு தேவை. நம் ஊர் வெயிலில் பாதி ஆவியாகிப் போகும் என்று வைத்து 25 கிலோவில் சமாளிக்கலாம். ஆக 1,200 கிலோவுக்கு நாளுக்குக் குறைந்தது 300 கிலோ சருகு. இதை யார் கொண்டுவருகிறார்கள்? தெருக்கூட்டும் ஆட்கள் சருகை ஓரமாய்க் குவித்துக் கொளுத்தினால் உரக்கூடத்தில் எத்தனை பயிற்சி கொடுத்தும் புண்ணியமில்லை. எனவே முதல் பயிற்சி கூடத்து ஆட்களுக்கு இல்லை, தெருக்கூட்டும் ஆட்களுக்கும் வண்டி ஓட்டுநருக்கும்தான். சருகு தனிச் சாக்கில் வர வேண்டும், கூடத்தில் கூரைக்குக் கீழ் குறைந்தது பத்து நாள் இருப்பு நிற்க வேண்டும். பற்றவில்லை என்றால் மரத்தூள், தென்னை நார்க் கழிவு, சலித்தபின் மேலே தங்கும் கட்டை. அந்தக் கட்டையைத் திரும்பப் போட்டால் காற்றோட்டமும் கிடைக்கும், நுண்ணுயிரும் கிடைக்கும்.

ஆட்களுக்குக் கையில் பழக வேண்டியவை நாலுதான்.

ஈரம்: ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள். உதிர்ந்துபோனால் சாணக் கரைசல் தெளியுங்கள். தண்ணீர் ஊற்றுவதை விட அது நல்லது.

சூடு: 50 செ.மீ. தண்டுள்ள டயல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நடுக் குவியலில் 55 முதல் 65 டிகிரி நிற்க வேண்டும். தொட்டியில் 55-க்கு மேல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டல். இது நடந்தால்தான் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். 70-ஐத் தாண்டினால் நல்ல நுண்ணுயிரும் போய்விடும், உடனே புரட்டுங்கள். சூடே ஏறவில்லை என்றால் மூன்று காரணம்: ஈரம் அதிகம், ஈரம் பற்றாது, அல்லது குவியல் ஒரு கன மீட்டருக்கும் குறைவு.

மூக்கு: அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை. புரட்டிச் சருகு சேருங்கள். கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி என்றால் நைட்ரஜன் அதிகம், அதாவது மீன், இறைச்சி, பச்சைப் புல் கூடிவிட்டது. இதற்கும் சருகுதான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக.

முடிவு தெரிதல்: ஒரு கை உரத்தை நனைத்து ஜிப் கவரில் போட்டு மூன்று நாள் மூடி வையுங்கள். திறந்ததும் மண் வாசம் வந்தால் முதிர்ந்தது. நாறினால் இன்னும் பத்து நாள். பக்கத்தில் இரண்டு தட்டில் பத்துப் பத்து வெந்தயம் ஊறவைத்துப் பாருங்கள், ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உரச் சாறு. உரத் தட்டில் 8-க்குக் கீழே முளைத்தால் விற்காதீர்கள்.

முகூர்த்த நாள் சரக்கு வேறு ஜாதி. சோறு, சாம்பார், எண்ணெய், உப்பு. சோறு தனியே கொட்டினால் களியாகி காற்றே போகாது. வாழை இலையைக் கையளவு வெட்டி, சோற்றோடு ஒன்றுக்கு ஒன்று சருகு கலந்து, நாலு தொட்டிக்குப் பரப்பிப் போடுங்கள், ஒரே தொட்டியில் வேண்டாம். மேலே 5 செ.மீ. பழைய உரத்தால் மூடினால் ஈ வராது. ஆனால் உப்பு எங்கும் போகாது, உரத்தில் தங்கிவிடும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர்ப்புறக் குப்பை உரத்தின் மின்கடத்துத்திறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் தாண்டக் கூடாது. கல்யாண மண்டபத்துச் சரக்கால் இங்கேதான் பலர் தோற்பார்கள். அதே ஆணையில் ஈரம் 15 முதல் 25 சதவீதம், பி.எச். 6.5 முதல் 7.5, கார்பன்-நைட்ரஜன் விகிதம் 20-க்குள், 4 மி.மீ. சல்லடையில் 90 சதவீதமாவது கீழே விழ வேண்டும். மேற்பார்வையாளர் இந்த ஐந்தையும் மனப்பாடமாக வைத்திருந்தால் போதும். அக்காமார்களுக்கு இந்த எண்கள் வேண்டாம்.

---

கொட்டகை_மேற்பார்வை:

சருகுக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது, நன்றி. வெப்பமானி வரும்வரை கம்பி வைத்துப் பார்க்கலாமா?

தொட்டிக்_கணக்கு:

பார்க்கலாம். இரும்புக் கம்பியைக் குவியல் நடுவில் பத்து நிமிடம் செருகி எடுங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் தேவையான சூடு இருக்கிறது என்று பொருள். ஆனால் 55-ஆ 70-ஆ என்று கம்பி சொல்லாது.

---

கையுறை பதில்:

இரண்டு பேரும் சரக்கைப் பற்றிப் பேசிவிட்டார்கள், ஆளைப் பற்றி நான் சொல்கிறேன். வரிசை கேட்டீர்கள் அல்லவா, முதல் நாள் இதுதான்.

ஊசி. வீட்டு இன்சுலின் ஊசி உலர்கழிவில் வந்துகொண்டேதான் இருக்கும். மருத்துவமனைக் கையுறை, சாதா ரப்பர் கையுறை எதுவும் ஊசியைத் தடுக்காது. நைட்ரைல் தோய்த்த, வெட்டுத் தாங்கும் கையுறை வாங்குங்கள். அதுவும் முழுக் காப்பு இல்லை என்பதால், மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவக் கூடாது, கொட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். ஊசியைக் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட வேண்டும். குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்கவோ வாயில் வைக்கவோ கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. சேரும்போதே டெட்டனஸ் ஊசியும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் போட ஏற்பாடு செய்யுங்கள். பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம். மூன்றாவது தவணையைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், தேதியை வருகைப் பதிவேட்டிலேயே எழுதி வையுங்கள்.

அரவை இயந்திரம். முந்தானை, துப்பட்டா, பின்னல், வளையல் நான்கும் ஆபத்து. புடவைக்கு மேல் முழுக்கை மேலங்கி, கொண்டை, வெறுங்கை மணிக்கட்டு. வாழைநார் பல்லில் சுற்றி அடைத்துக்கொள்வது தினம் நடக்கும். எடுக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டு போட்டு, சாவி எடுப்பவர் இடுப்பில் இருக்க வேண்டும். "நீ நிறுத்து, நான் எடுக்கிறேன்" என்று இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போதுதான் விரல் போகும். வெறும் பேச்சாக விடாமல், ஒவ்வொருவரையும் மூன்று முறை செய்துகாட்ட வையுங்கள்.

பேட்டரி. லித்தியம் பேட்டரி, லைட்டர், ஸ்பிரே டப்பா மூன்றும் அமுக்கும் இயந்திரத்துக்குள் போனால் தீ. பேட்டரி முனையில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் வாளியில் வைத்து, கொட்டகைக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

வரிசை: முதல் இரண்டு நாள் பாதுகாப்பு. அடுத்த ஆறு நாள் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் சொல்லிக்கொடுப்பது, மீதி நேரம் அதே வேலையைச் செய்யவிட்டுப் பார்ப்பது. பாதிப் பேர் உரம், பாதிப் பேர் மேசை, நடுவில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் மறுசோதனை. குழுவுக்குள்ளேயே நன்றாகப் பிரிக்கும் ஒரு அக்காவைப் பயிற்றுநராக்குங்கள், அதற்குத் தனிக்கூலி கொடுங்கள். சும்மா "தலைவி" என்று பெயர் கொடுத்தால் பொறாமைதான் மிஞ்சும். உலர்கழிவு விற்ற பணத்தில் பணியாளர்களுக்குப் பங்கு இருந்தால், கலப்படம் குறைந்த மாதத்துக்கும் மற்ற மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டோடு காட்டுங்கள். பங்கே இல்லை என்றால் முதலில் அதைப் பேசுங்கள், பயிற்சி அப்புறம்.

சான்றிதழ்: பசுமைத் தொழில்களுக்கான திறன் கவுன்சில் 2015-ல் அமைக்கப்பட்டது. கழிவு மேலாண்மை வேலைகளுக்கான தேசியத் தகுதித் தரங்கள் அவர்களிடம் உண்டு. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இருக்கிறது: குறுகிய அறிமுகம், பிறகு மதிப்பீடு, நீண்ட வகுப்பு கிடையாது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மதிப்பீடு வாய்மொழியாகவும் செய்துகாட்டியும் தமிழில் நடக்குமா? எழுத்துத் தேர்வு என்றால் உங்களிடம் நன்றாக வேலை செய்பவர்கள்தான் தோற்பார்கள்.

---

கொட்டகை_மேற்பார்வை:

மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. மீதிக் கழிவைச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறோம். ஃப்ளெக்ஸ் பேனரை அதோடு போடலாமா?

பேல்_எடை:

கூடாது. அதில் பி.வி.சி. பூச்சு. குளோரின் சூளைக்குள் ஆவியாகி, மேலே முன்சூடாக்கியில் படிந்து அடைத்துவிடும். அதனால்தான் ஆலைகள் குளோரினைச் சோதித்து லாரியைத் திருப்பி அனுப்புகின்றன. கிழியாத பேனரை வெட்டிச் சருகுக் குவியலுக்கு மழை மறைப்பாகப் போடுங்கள், உங்களுக்குத்தான் 300 கிலோ சருகு காய்ந்தே இருக்க வேண்டுமே. கிழிந்ததைத் தனி மூட்டையாகக் கட்டி, பி.வி.சி. வாங்குபவர் வரும்வரை வையுங்கள். ரெக்சினையும் பைப் துண்டையும் அதே மூட்டையில் போடாதீர்கள், அவை வேறு விலை.